ஆயிரம் கோடிப் பேருக்கு அட்டெண்டன்ஸ்!

உலக ஜனத்தொகையைவிட அதிகமான பேரை ஒரு ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போக முடியுமா? முடியும். டிராஃபிக் போலீஸ்காரர் கண்டுகொள்ளக்கூட மாட்டார்.

உரக்கடையில் 'பாஸ்போபாக்டீரியா' என்று கேட்டால் ஒரு பாட்டில் கொடுப்பார்கள். திரவ உயிர் உரம். மண்ணில் இறுகிக் கிடக்கும் பாஸ்பரஸைக் கரைத்து வேருக்கு எட்டும்படி செய்கிற பாக்டீரியா அதற்குள்ளே. மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, ஒரு மில்லியில் குறைந்தது 10 கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும். 100 மில்லி எடுத்தால் (ஒரு காபி டம்ளர்கூட நிறையாது) 1000 கோடி! உலக ஜனத்தொகையே 800 கோடியைத் தாண்டிக் கொஞ்சம்தான்.

சரி, அந்த ஆயிரம் கோடிப் பேரும் உள்ளே இருக்கிறார்களா? இருந்தால் உயிரோடு இருக்கிறார்களா? எண்ணியது யார்?

விளையாட்டுக் கேள்வி இல்லை இது. ஊரில் உங்கள் அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் இருக்கலாம். யூரியா போட்டால் ஒரு வாரம், பத்து நாளில் பயிர் கருகருவென்று பச்சை கட்டிச் சாட்சி சொல்லிவிடும். உயிர் உரத்தில் அப்படி உடனடி சாட்சி கிடையாது. பாட்டிலில் இருந்தவை எல்லாம் செத்துப்போயிருந்தாலும் தண்ணீர் அதே கலங்கல்தான், வாசனை அதே வாசனைதான். 

"ஏன் அண்ணாச்சி, இது வேலை செய்யுமா?"

"போட்டுப் பாருங்க தம்பி, மாயமா இருக்கும்!"

மாயமாகத்தான் போய்விடுகிறது, சில சமயம். விளைச்சல் படுத்தால் அப்பா யாரைக் குறை சொல்வார்? மழையைச் சொல்வார். விதையைச் சொல்வார். கடைசியில் தன் தலையெழுத்தைச் சொல்வார். செத்த பாக்டீரியாவை யாரும் சந்தேகப்படுவதில்லை. அதனால்தான் இந்த அட்டெண்டன்ஸ் விவகாரத்தைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

பீரோவுக்குள் ஒரு குமாஸ்தா

உயிர் உர பாக்டீரியாக்களில் இரண்டு ஜாதி. ரைசோபியம், அசோஸ்பைரில்லம், சூடோமோனாஸ் எல்லாம் முதல் ஜாதி. நல்ல வேலைக்காரர்கள். ஆனால் பூஞ்சை உடம்பு. மே மாத வெயிலில் தகரக் கூரைக் கடையில் வைத்தால் ஒவ்வொருவராக ராஜினாமா கடிதம் கொடுத்துவிடுவார்கள்.

இரண்டாவது ஜாதி பேசிலஸ். பாஸ்பரஸ் கரைக்கும் பேசிலஸ் மெகாடெரியம் (2020-இல் இதற்கு ப்ரிஸ்டியா மெகாடெரியம் என்று பெயர் மாற்றம் செய்துவிட்டார்கள், கெஜட்டில் போடவில்லை), வேர் நோய்களை விரட்டும் பேசிலஸ் சப்டிலிஸ், புழுக்களைக் கொல்லும் பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் எல்லாம் இந்தக் குடும்பம். இவர்களிடம் ஒரு தந்திரம் இருக்கிறது. அதற்குப் பெயர் ஸ்போர். தமிழில் வித்து என்பார்கள்.

சாப்பாடு தீர்ந்துபோனதும் பேசிலஸ் பதறுவதில்லை. தன் உடம்பை ஓரமாகத் தடுத்து ஒரு சின்ன அறை கட்டுகிறது. தன் மரபுச் செய்தியின் ஒரு பிரதியை அதில் வைக்கிறது. தண்ணீரை வெளியேற்றுகிறது. டைபிகோலினிக் அமிலம் என்ற பொருளைச் சுண்ணாம்புச் சத்தோடு சேர்த்து அறைக்குள் அடைக்கிறது. சுற்றிலும் உறை மேல் உறையாகப் போர்த்துகிறது. ஏழெட்டு மணி நேர வேலை. முடிந்ததும் தாய் செல் உடைந்து போய்விட, ஸ்போர் வெளியே வருகிறது. குமாஸ்தா ஒருவர் முக்கியமான ஃபைலோடு இரும்பு பீரோவுக்குள் புகுந்து உள்பக்கமாகப் பூட்டிக்கொண்ட மாதிரி!

பீரோவுக்குள் மூச்சு பேச்சு கிடையாது, சாப்பாடு கிடையாது, சம்பளமும் கிடையாது. வெயில், வறட்சி, பல ரசாயனங்கள் எதுவும் லேசில் அண்டாது. மண்ணில் விழுந்து, ஈரம் பட்டு, வேர் கசியவிடும் சர்க்கரையும் அமினோ அமிலமும் எட்டினால் போதும். சில நிமிஷத்தில் தூக்கம் கலையத் தொடங்கி, கதவு திறந்து, ஆள் டியூட்டியில்!

எவ்வளவு நாள் தூங்கும்? வருஷக்கணக்கில். 1995-இல் அமெரிக்க விஞ்ஞானி ரவுல் கானோ, மரப்பிசின் கல்லாக இறுகிய ஆம்பருக்குள் சிக்கிய ஒரு தேனீயின் வயிற்றிலிருந்து இரண்டரைக் கோடி முதல் நாலு கோடி வருஷம் தூங்கிய பேசிலஸ் ஸ்போரை எழுப்பிவிட்டதாக அறிவித்தார். "இல்லை, இந்தக் காலத்து பாக்டீரியா எதோ உள்ளே நுழைந்திருக்கும்" என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். மத்தியானம் சீட்டில் தூங்கி மாட்டுகிற நண்பர்கள் இந்தத் தகவலை மானேஜரிடம் எடுத்துச் சொல்லலாம். பலன் உத்தரவாதம் இல்லை.

வைக்கோல் தண்ணீர் சொன்ன ரகசியம்

ஸ்போரைப் பிடிக்கிற வழியை 1876-இலேயே ஜெர்மானிய விஞ்ஞானி ஃபெர்டினாண்ட் கோன் காட்டிவிட்டார். வைக்கோலை ஊறவைத்த தண்ணீரைக் கொதிக்க வைத்தார். எல்லாம் செத்திருக்க வேண்டும். ஆனாலும் பேசிலஸ் சப்டிலிஸ் மறுபடி முளைத்தது. கொதியைத் தாங்கியது அதன் ஸ்போர் என்று கண்டுகொண்டார். அதே வருஷம் ராபர்ட் காக், ஆடு மாடுகளைக் கொல்லும் ஆந்த்ராக்ஸ் கிருமியும் ஸ்போராக மாறிப் பதுங்கும் என்று காட்டினார். நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் ஒரே கம்பெனி பீரோ!

இன்றைக்கும் லேபில் செய்கிற முதல் காரியம் அதுதான். உரத்தைச் சூடு பண்ணு. தாங்கினது யார் என்று பார்.

பத்து கிராம் கம்போஸ்ட்டை 90 மில்லி சுத்தமான தண்ணீரில் போட்டுக் குலுக்குகிறார்கள். அதில் ஒரு மில்லி எடுத்து 9 மில்லி தண்ணீரில். அதிலிருந்து ஒரு மில்லி இன்னொரு 9 மில்லியில். மோரில் தண்ணீர் விட்டு, அதில் மறுபடி தண்ணீர் விட்டு, 'இதில் மோர் எங்கே?' என்று கேட்கிற வரைக்கும் நீர்க்க வைக்கிற மாதிரி! ஒவ்வொரு தடவையும் பத்தில் ஒரு பங்காகக் குறையும். ஆறு தடவையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

இப்போது இரண்டு ஜோடித் தட்டுகள். ஒரு ஜோடிக்குக் கரைசலை அப்படியே ஊற்றுகிறார்கள். இன்னொரு ஜோடிக்கு, 80 டிகிரி வெந்நீரில் 10 நிமிஷம் வைத்து ஆறவைத்த பிறகு. அந்தச் சூட்டில் சாதாரண பாக்டீரியா எல்லாம் அவுட். பீரோவுக்குள் இருப்பவர் மட்டும் பாக்கி.

தட்டில் இருப்பது அகர். கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஜெல்லி. நம் ராமநாதபுரம் கடலோரத்தில் பெண்கள் மூழ்கிப் பறித்து வருகிறார்களே, அந்தப் பாசிகளில் அகருக்குப் போவதும் உண்டு. இதை லேபுக்குள் கொண்டுவந்ததும் ஒரு பெண்தான். காக்கிடம் வேலை பார்த்த ஹெஸ் என்பவரின் மனைவி ஃபேனி ஹெஸ். கோடைகாலத்தில் ஜெலட்டின் தட்டுகள் உருகி வழிகின்றன என்று கணவர் புலம்ப, "நான் ஜெல்லிக்கு அகர்தானே போடுகிறேன், அது உருகுவதில்லையே" என்கிற சமையலறை யோசனையை 1881-இல் சொன்னவர் அவர். உலகத்தின் மைக்ரோபயாலஜி லேப் எல்லாம் இன்றும் அந்த அம்மாளின் உப்பைத்தான் தின்கிறது.

ஒன்றிரண்டு நாள் கழித்துத் தட்டைப் பார்த்தால் பொட்டுப் பொட்டாகப் புள்ளிகள். ஒரு புள்ளி என்பது ஒரு பாக்டீரியா பெற்றுப் போட்ட வம்சம். பத்து லட்சத்தில் ஒரு பங்காக்கிய கரைசலில் ஒரு மில்லி ஊற்றி, தட்டில் 100 புள்ளி வந்தால், 100 பெருக்கல் 10 லட்சம். 10 கோடி! பாட்டில் பாஸ். 30 முதல் 300 புள்ளி வரை உள்ள தட்டைத்தான் கணக்கில் எடுப்பார்கள். அதற்குக் கீழே போனால் எண்ணிக்கையை நம்ப முடியாது. மேலே போனால் எண்ணுகிறவரை நம்ப முடியாது.

இங்கேதான் விஷயம். சட்டம் கேட்பது முதல் ஜோடித் தட்டின் கணக்கு. அதாவது 'இன்றைக்கு எத்தனை பேர் உயிரோடு?' இரண்டாவது ஜோடி சொல்வது வேறு. 'இதில் எத்தனை பேர் கோடையைத் தாண்டுவார்கள்?' சூடு பண்ணாத தட்டில் 100, சூடு பண்ணின தட்டில் 90 என்றால் பாட்டிலில் பெரும்பாலும் ஸ்போர். தைரியமாக ஊருக்கு பஸ்ஸில் அனுப்பலாம். 100-க்கு 2 என்றால்? லேபில் பாஸ் ஆன அதே பாட்டில், அப்பா கைக்குப் போய்ச் சேரும்போது பாஸ் ஆகுமா என்பது பாட்டில் பட்ட வெயிலைப் பொறுத்த விஷயம்.

பச்சை உள்ளே, சிவப்பு வெளியே

"ரெண்டு நாள் காத்திருக்க முடியாது சார், இப்பவே பார்க்கணும்" என்பவர்களுக்கு மைக்ராஸ்கோப் இருக்கிறது. ஸ்போரின் அகலம் சுமார் ஒரு மைக்ரான். ஆயிரம் ஸ்போரை வரிசையாக நிறுத்தினால்தான் ஒரு மில்லிமீட்டர்.

கண்ணாடித் துண்டில் கரைசலைத் தேய்த்து, மாலக்கைட் கிரீன் என்ற பச்சைச் சாயத்தை ஊற்றி ஆவியில் சூடு காட்டுகிறார்கள். சூட்டில் சாயம் பீரோவுக்குள் புகுந்துவிடும். தண்ணீர் விட்டு அலசினால் மற்ற செல்களிலிருந்து சாயம் போய்விடும், ஸ்போரை விட்டுப் போகாது. பிறகு சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம். லென்ஸில் பார்த்தால் சிவப்பு உடம்புக்குள் பச்சை முத்து! ஷேஃபர், ஃபுல்டன் இருவரும் சேர்ந்து கொடுத்த முறை இது. ஒரே குறை, முத்துக்குள் இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா என்று சாயம் சொல்லாது.

இன்னொரு குறுக்கு வழியும் உண்டு. பீரோவுக்குள் இருக்கும் அந்த டைபிகோலினிக் அமிலத்தை வெளியே எடுத்து, டெர்பியம் என்ற உலோக உப்போடு சேர்த்துப் புற ஊதா ஒளியில் காட்டினால் பச்சையாக ஒளிரும். பளிச் என்றால் ஸ்போர் நிறைய. 2001-இல் அமெரிக்காவில் தபால் கவரில் ஆந்த்ராக்ஸ் பொடி அனுப்பி ஐந்து பேர் செத்தபோது, இப்படி நிமிஷங்களில் ஸ்போரைக் கண்டுபிடிக்கும் முறைகளுக்குத் திடீர் மவுசு வந்தது. ஆனால் இதுவும் 'ஸ்போர் இருக்கிறது' என்று சொல்லுமே தவிர, 'யாருடையது' என்று சொல்லாது.

ப்ராக்ஸி!

காலேஜில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது "எஸ் சார்" என்று நண்பனுக்காகக் குரல் கொடுத்திருப்பீர்கள். உரத்திலும் அது நடக்கிறது.

கம்போஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர் இந்தூரில் விவசாய ஆராய்ச்சி நிலையம் நடத்தி, நம் விவசாயிகளிடமும் பாடம் கேட்டு, 1931-இல் 'இந்தூர் முறை' என்று ஒரு கம்போஸ்ட் முறையைப் புத்தகமாகவே எழுதினார். செத்தை, சாணி, மண், சாம்பல் எல்லாம் அடுக்கி, நனைத்து, புரட்டிப் போடுகிற முறை. அப்படிச் சரியாக அடுக்கிய குவியல் உள்ளுக்குள் 55, 60 டிகிரி கொதிக்கும். கையை விட்டால் சுடும். அந்தச் சூட்டில் நோய்க்கிருமி, களை விதை எல்லாம் பெரும்பாலும் ஒழிந்துவிடும். ஆனால் பேசிலஸ்? அதற்கு இது வெந்நீர்க் குளியல்.

அதாவது, எந்தக் கம்பெனியும் எதையும் சேர்க்காத சாதாரணக் குப்பைக் கம்போஸ்ட்டிலும் ஸ்போர் ஏராளமாக இருக்கும். ஆகவே 'எங்கள் உரத்தில் கோடிக்கணக்கான ஸ்போர்!' என்று ஒருவர் மார்தட்டினால், அது அவர் சேர்த்ததா, மாடு போட்டதா? வெந்நீர் டெஸ்டுக்கு வித்தியாசம் தெரியாது. அதில் பேசிலஸ் சீரியஸும் "எஸ் சார்" சொல்லும். சமைத்த சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் பெருகி, வாந்தி எடுக்க வைக்கிற ஆசாமி அது. அரிசியிலிருக்கும் அதன் ஸ்போர் சோறு கொதிப்பதைத் தாங்கிக்கொண்டு பிழைத்துவிடும்.

ஆள் அடையாளம் பார்க்க டிஎன்ஏ சோதனைதான் கடைசி வழி. பிசிஆர் முறையில், குறிப்பிட்ட ஆளின் மரபு எழுத்தைத் தேடி, இருந்தால் பெருக்கிக் காட்டிவிடலாம். அதிலும் சிக்கல். சீரியஸ், துரிஞ்சியென்சிஸ், ஆந்த்ராக்ஸ் மூன்றும் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள். பாக்டீரியா இனம் காண வழக்கமாகப் பார்க்கும் ஜீனில் மூவருக்கும் வித்தியாசம் மிகக் குறைவு. விசேஷ ஜீன்களைத் தேடித்தான் பிரிக்க வேண்டும். இன்னொன்று, டிஎன்ஏ செத்தவரிடமும் இருக்கும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பதாலேயே ஆள் இருக்கிறார் என்று அர்த்தமில்லையே!

அதனால்தான் நல்ல லேப் ஒரே டெஸ்டை நம்புவதில்லை. தட்டு, 'உயிரோடு இருக்கிறார்' என்கிறது. சூடு, 'கோடையைத் தாங்குவார்' என்கிறது. டிஎன்ஏ, 'அவரேதான்' என்கிறது.

இன்னும் ஒன்று பாக்கி. ஆபீஸுக்கு வந்தால் மட்டும் போதுமா? வேலை பார்க்க வேண்டாமா?

அதற்கும் ஒரு தட்டு இருக்கிறது. கரையாத கால்சியம் பாஸ்பேட் கலந்து பால் போல வெளுத்திருக்கும் அகர். அதில் பாஸ்போபாக்டீரியாவை வைத்தால், தன்னைச் சுற்றியுள்ள பாஸ்பேட்டை அமிலம் விட்டுக் கரைத்து, கண்ணாடி போலத் தெளிந்த ஒரு வளையம் போடும். இது குறைந்தது 5 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்கிறது உரக் கட்டுப்பாட்டு ஆணை. நம் ஆபீஸ்களில் இப்படி ஒரு வளையம் கேட்டால் எத்தனை பேர் தேறுவோம் என்று யோசித்துப் பாருங்கள். வேண்டாம், யோசிக்க வேண்டாம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

லேப் வைக்க முடியாது. வீட்டில் உரத்தைக் கொதிக்க வைத்து பாக்டீரியா வளர்த்துப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். என்ன முளைக்கும் என்று சொல்ல முடியாது, பாத்திரத்தைப் பார்த்தால் அம்மா என்ன சொல்வார்கள் என்று சொல்ல முடியும். ஆனால் லேபிளைப் படிக்கலாமே!

பாக்டீரியாவின் முழுப் பெயர் இருக்கிறதா? 'நன்மை தரும் நுண்ணுயிர்கள்' என்று பொதுவாகப் போட்டிருந்தால் அது பெயர் இல்லை, வாழ்த்து. ஒரு கிராமுக்கு அல்லது மில்லிக்கு எத்தனை என்ற எண் வேண்டும். பொடி உயிர் உரத்துக்குக் குறைந்தது 5 கோடி, திரவத்துக்கு 10 கோடி. தயாரித்த தேதி, காலாவதி தேதி, பேட்ச் எண் வேண்டும். உயிர் உரங்கள் 1985-ஆம் வருஷத்து உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்தது 2006-இல். அதே பேசிலஸை நோய் தடுக்கவோ புழு கொல்லவோ விற்றால் அது 1968-ஆம் வருஷத்து பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வரும். ஒரே ஆள், இரண்டு டிபார்ட்மெண்ட்! எதற்காக வாங்குகிறீர்கள் என்று பார்த்து, அந்தச் சட்டத்தின் விவரம் லேபிளில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கடையில் வெயில் படும் ஷோகேஸில் இருக்கும் பாட்டிலை விட்டுவிட்டு, உள்ளே நிழலில் இருப்பதைக் கேளுங்கள். பேசிலஸ் தாங்கும். அசோஸ்பைரில்லம் தாங்காது. வாங்கியதை ரசாயன உரத்தோடும் பூச்சி மருந்தோடும் கலக்காதீர்கள். விதைநேர்த்திக்கு ஆறிய அரிசிக் கஞ்சி, நிழலில் உலர்த்தல் என்று வேளாண் துறையினர் சொல்வது சாஸ்திரத்துக்கு இல்லை. கஞ்சி, பாக்டீரியாவை விதையில் ஒட்ட வைக்க. நிழல், அது சாகாமல் இருக்க.

பில் வாங்குங்கள். சந்தேகம் வந்தால் வேளாண் அலுவலகத்தில் சொல்லுங்கள். மாதிரி எடுத்து அரசு லேபுக்கு அனுப்பச் சட்டத்தில் உர ஆய்வாளருக்கு அதிகாரம் உண்டு. பில் இல்லாத புகார், ஸ்போர் இல்லாத பாட்டில் மாதிரி. கொஞ்ச நாளில் செத்துவிடும்.

மாடித் தோட்டக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மண்ணிலும் சாணியிலும் டெட்டனஸ் கிருமியின் ஸ்போரும் இருக்கும். அது காற்றில்லாத இடத்தில் முளைக்கிற ரகம், ஆகவே சாதாரணத் தட்டில் தலைகாட்டாது. ஆழமான காயத்துக்குள் தலைகாட்டும். கையில் வெட்டோடு கம்போஸ்ட்டைப் பிசையாதீர்கள். கையுறை போடுங்கள், தடுப்பூசி தவணை தாண்டியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பாவுக்கு வேட்டி, சட்டையோடு ஒரு பாட்டில் நல்ல உயிர் உரமும் வாங்கிப் போங்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "இதுல என்னடா இருக்கு, வெறும் கலங்கத் தண்ணி?" என்பார்.

லேபிளில் இருக்கும் எண்ணைக் காட்டுங்கள்.

"அவ்வளவு பேரா? யாருடா எண்ணினது?" என்று கேட்பார். பதில்தான் இப்போது உங்களுக்குத் தெரியுமே.